பவளத் தொட்டியில் கோழி டானிக்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி இருந்த இடத்தில் இப்போது உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். போர்வெல் தண்ணீரில் சோப்புகூட நுரைக்காத தெரு எங்களுடையது. அங்கேதான் பவளமும் கூடவே சில மீன்களும் வளர்க்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேரே அதன் முன்னால் போய் நிற்பார்கள். "இது எப்பங்க கொளம்புக்கு ஆவும்?" என்பார்கள். முன்பெல்லாம் சிரித்துச் சமாளிப்பேன். இப்போது சமாளிப்பதில்லை. "இது கொளம்புக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுகிறேன்.

தொட்டி என் மகளுடையது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மருத்துவ நுழைவுத்தேர்வில் மதிப்பெண் போதாமல், மறுபடி எழுதுவதற்காக ஒரு விடுதிப் பயிற்சி மையத்தில் சேர்த்திருந்தோம். ஒருநாள் மத்தியானம் விடுதியிலிருந்து போன் வந்தது. "பொண்ணு ஊட்டுக்கு வந்துருச்சுங்களா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கிழக்குக் கடற்கரை ஊர் ஒன்றின் காவல் நிலையத்திலிருந்து தகவல் வந்தது. பஸ் மாறி பஸ் மாறி, சாலை முடிந்து கடல் வரும்வரை போயிருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிலையத்து வராந்தாவில் உட்கார்ந்து, பெண் காவலர் ஒருவர் வாங்கிக் கொடுத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். சுடிதாரின் கால்பக்கம் முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அங்க ஒருத்தருமே மார்க் கேக்கலம்மா."

அங்கே போய் என்ன செய்ய நினைத்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மருந்து கொடுத்தார். நெருக்காதீர்கள், அவளாகச் சொல்லும்போது கேளுங்கள் என்றார். நெருக்காமல் இருப்பது எனக்குத் தெரியாத வேலை. குளியலறையில் அவள் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே நின்று, "சாம்பாரா, ரசமா?" என்று கேட்பேன். சமைத்து முடித்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும். "ரசம்" என்று உள்ளிருந்து பதில் வந்தால் போதும், போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்தபின் வாரக்கணக்கில் எதையும் கேட்காமல் இருந்தவள் முதன்முதலில் கேட்டது இந்தத் தொட்டியைத்தான்.

நான் சேலத்தில் வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பைத் தொட்டதில்லை. கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து முட்டைக் கோழிப்பண்ணை நடத்துகிறார்கள். எங்கள் வீட்டில் பேச்சென்றால் தீவனமும் முட்டை விலையும்தான். தொட்டி வந்த பிறகு எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, கால்சியம் எவ்வளவு என்று பார்க்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிப்பது. "நிறுத்தும்மா, மாறிருச்சு" என்பாள் மகள். "இன்னொரு சொட்டு" என்பேன் நான். அந்த ஒரு சொட்டுக்காக இருவரும் சண்டை போட்டிருக்கிறோம். பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போட்டாள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வடிகட்டிய தண்ணீரில் கடலுப்புத் தூளைக் கரைத்து ஊற்றி, ஓட்டை ஓட்டையான கற்களை அடுக்கி, மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சுழல விட்டோம். அதன்பிறகு ஒன்றுமே செய்யாமல் காத்திருக்க வேண்டும். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் கல்லில் குடியேறினால்தான் மற்ற உயிர்களை விட முடியும். முதலில் பழுப்பாகப் பாசி படர்ந்தது, பிறகு பச்சையாக. "கல்லுக்கு லைட் போட்டு, பேன் போட்டு, சீராட்டறாங்க பாரு" என்று எதிர்வீட்டு அம்மாள் தெருவில் நின்று சிரித்தார். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகிவிடாமலிருக்கக் குளிரூட்டும் கருவியும் வந்தது. பண்ணையில் கோழிகளுக்குப் புகைபோல் தண்ணீர் தெளித்து வெக்கையைத் தணிக்கிற ஊரில் இதிலென்ன அதிசயம்?

கடைசியில் சென்னையிலிருந்து தெர்மகோல் பெட்டியில் பவளங்கள் வந்தன. கல் பவளம் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று மகள் முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டாள். நாங்கள் வாங்கியது மென்பவளம், அதுவும் தொட்டியில் வளர்த்துப் பிரித்தது. சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்ததுபோல் ஒரு கூட்டம். அதைத் தொடும்போது கையுறை வேண்டும், விஷம் உண்டு. இன்னொன்று தண்டும் குடையுமாகப் பெரிய காளான் மாதிரி இருக்கும். லெதர் என்று அதற்குப் பெயர். குடை முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள் நீட்டி நீரோட்டத்தில் ஆடும். மகள் காலையில் எழுந்து பல்கூடத் தேய்க்காமல் அதன் முன்னால்தான் போய் உட்காருவாள். அவள் எழுந்துவிட்டாள் என்பதை அந்த நாற்காலி இழுபடும் சத்தத்தில் தெரிந்துகொண்டு நான் படுக்கையில் கண்ணை மூடிக்கொள்வேன்.

கணவரின் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. மகள் காணாமல் போன அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக அவளுடைய போட்டோவைக் காட்டி அலைந்தவர் அவர்தான். அவளை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வீட்டில் ஒரு டாக்டர் வேண்டும் என்பதை அவர் விடுவதாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வந்தார். மகள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தூர்ப் பக்கம் ஒரு கோச்சிங் சென்டர் பாத்துட்டேன்" என்றார் கணவரிடம். "ஆஸ்டலோட. கேட்ட எப்பவும் பூட்டியே வெச்சிருப்பாங்களாமா, பயமே வேண்டியதில்ல. வர்ற வெள்ளிக்கெழம நல்ல நாளு. நானே கார்ல கொண்டுபோய் உட்டுட்டு வாரேன்."

"சரிங்ணா" என்றார் கணவர். அண்ணனிடம் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது.

பூட்டிய கேட் என்றதும் நான் எழுந்துவிட்டேன். காபி போடப் போனேன். தம்ளர்களோடு திரும்பி வந்தபோது கணவரின் அண்ணன் தொட்டியின் மூடியைத் திறந்து, பண்ணையிலிருந்து கொண்டுவந்த கேனைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா! என்னங்க ஊத்தறீங்க?"

"கால்சியம், அம்மிணி. அன்னைக்கு அம்மாளும் மவளும் கால்சியம் கம்மி, கம்மின்னு பேசிட்டு இருந்தீங்கல்ல? நம்ம பண்ணைல இல்லாத கால்சியமா? இதக் குடிச்சா தோல்முட்ட போடற கோழி கல்லாட்டம் முட்ட போடும். கொஞ்சம் எச்சாவே ஊத்தியிருக்கேன்."

கோழிகள் குடிக்கும் தண்ணீரில் கலக்கிற டானிக் அது. கால்சியத்தோடு வைட்டமினும் வேறு என்னென்னவோ சத்துகளும் அதில் உண்டு. எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. தொட்டி பால் கலந்ததுபோல் வெளுத்தது. அழுக்கை நுரையாக்கி எடுக்கும் கருவி பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

தலையில் துண்டோடு மகள் வெளியே வந்தாள். நான் பயந்தது தொட்டிக்காக இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை.

"எவ்வளவு ஊத்துனீங்க, பெரீப்பா? கேனக் குடுங்க" என்றாள். பின்பக்கம் ஒட்டியிருந்ததை வாசித்தாள். "அம்மா, பின்னாடி டிரம்மில உப்புத் தண்ணி கலக்கி வெச்சிருக்கேன், எடுத்துட்டு வா. அப்பா, அந்தக் கருவிய ஆப் பண்ணுங்க. பெரீப்பா, இந்தப் பைப்பப் புடிங்க. ஆட்டாதீங்க."

"நானா?"

"நீங்கதானுங்க. மணலக் கெளப்பாம மேல மட்டும் புடிங்க."

பண்ணையில் அவர் சொல்லை மீறி ஒரு கோழி கொக்கரிக்காது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டு, "இப்புடிங்களா சாமி? இது போதுமா?" என்று கேட்டுக்கொண்டே பைப்பைப் பிடித்தார். பாதித் தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வந்தது. மிச்ச டானிக்கை உறிஞ்சக் கரித்தூள் பையைப் போட்டாள். சாயங்காலம் மறுபடி மாற்றினாள். அவர் போகும்போது, "நல்லதுன்னு நெனச்சுத்தான் சாமி ஊத்துனேன்" என்றார். "தெரியுமுங்க பெரீப்பா" என்றாள்.

அத்தனைக்கும் பிறகு வாசலில் நின்று அவர் சொன்னது: "வெள்ளிக்கெழம காலைல வந்தர்றேன்."

அந்த வாரம் லெதர் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, குடை சுருங்கித் தொங்கி, மேலே மெழுகு பூசினதுபோல் ஒரு படலம் போர்த்துக் கிடந்தது. பொத்தான்களில் சில கரைந்தே போயின. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுவல்ல. மகள் தானாகவே பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். விடுதி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உப்பு எப்படிக் கலக்க வேண்டும், கண்ணாடியை எதனால் துடைக்க வேண்டும், கரண்ட் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அமைதியாகச் சொன்னாள். மீனுக்குத் தீனி கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்று சொல்லி, என் விரல்களைப் பிடித்து அளவு காட்டினாள். ஊருக்குப் போகிறவள் இப்படியா சொல்வாள்? எல்லாவற்றையும் ஒப்படைக்கிறவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். அவள் கை சூடாக இருந்தது. அந்தக் கையை நான் அன்றைக்கு விடவே இல்லை. "போதும்மா, கைய உடு" என்று அவளாகச் சொன்ன பிறகுதான் விட்டேன்.

வெள்ளிக்கிழமை கார் வந்து நின்றது. கணவர் பையைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தார். அவருடைய அண்ணன் உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தார்.

"இது போயிருச்சு சாமி" என்று லெதரைக் காட்டினார். "இந்த மாதிரி ஆனா உடனே கழிச்சு உட்ரோணும். இல்லாட்டி மத்ததுக்கும் தொத்திக்கும்."

"போகலீங்க பெரீப்பா. தோல் உரிக்குது. அது அப்படித்தான் பண்ணும்."

"எப்ப சரியாவும்?"

"தெரியாதுங்க."

"தெரியாமயே தெனமும் தண்ணிய மாத்தீட்டு உக்காந்திருப்பியாக்கும்?"

"ஆமாங்க" என்றாள். நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள்.

அவர் சிரித்து, "சரி, கெளம்பு, நேரமாச்சு" என்று அவள் தோளில் கை வைத்தார்.

"அவ வர மாட்டாளுங்க மாமா" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் காபி வேண்டுமா என்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் பேசியதில்லை.

"என்னம்மா இது? போற நேரத்துல?"

"எங்கயும் அனுப்பறதா இல்லீங்க. பூட்டுப் போட்ட எடத்துக்கு அனுப்பறதாவே இல்லீங்க."

"ஒரு வருசம் பல்லக் கடிச்சுட்டு இருந்தா டாக்டர். இப்படியே ஊட்ல வெச்சிருந்தீன்னா நாளைக்கு ஊரே கேக்கும், அம்மிணி."

"கேக்கட்டுங்க மாமா. என்னய வந்து கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்."

அவர் கணவரைப் பார்த்தார். "ஏண்டா, நீ என்ன சொல்ற?"

"சரிங்ணா" என்று வந்துவிடுமோ என்று நான் கணவரின் வாயையே பார்த்தேன். அவர் வெளியே போனார். டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்து, கூடத்தின் நடுவில் நின்று, "இத எங்க வெக்கட்டும்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அதன்பிறகு அவருடைய அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பண்ணையில் கணவரோடு தீவனத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். லெதர் தோலை உரித்துவிட்டு மறுபடி விரல் நீட்ட ரொம்ப நாளாயிற்று. கரைந்துபோன பொத்தான்கள் போனவைதான். அது விரிந்துவிட்டது, ஆகவே நான் செய்தது சரி என்று யாரிடமும் வாதாட எனக்கு விருப்பமில்லை. அது செத்திருந்தாலும் நான் அவளை அனுப்பியிருக்க மாட்டேன்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். குளியலறைக் கதவுக்கு வெளியே இன்றைக்கும் நிற்கிறேன்.

போன மாதம் ராசிபுரம் பக்கம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரி கேட்டாள்: "உங்க பொண்ணு என்ன பண்றாளுங்க?"

"ஊட்ல இருக்கறாளுங்க."

"அதில்லீங்க, படிப்பு, வேல, ஏதாச்சும்?"

"இருக்கறாளுங்க" என்றேன் மறுபடியும், கொஞ்சம் சத்தமாகவே. எதிர்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன்.