இல்லாத விரிசல்

அர்ஜென்டினாவின் பரானா ஆற்றங்கரை அணுமின் நிலையத்தில் தெல்ஃபீனா எச்செனிக்கின் வேலை, குழாய்களில் விழும் விரிசல்களைக் கணினியிடம் காட்டி, இன்னும் தாங்குமா என்று கேட்பது. ஆழத்தையும் நீளத்தையும் கொடுத்தால் மென்பொருள் தீர்ப்புச் சொல்லும்: சின்னதென்றால் 'ஓட்டு', பெரிதென்றால் 'மாற்று'.

சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே அவள் ஒன்றைக் கண்டுபிடித்துத் தொலைத்தாள். விரிசலே இல்லாத குழாய்க்கு ஆழம் பூஜ்யம் என்று போட்டால், 'உடனே மாற்று' என்று மென்பொருள் சிவப்பில் அலறியது. பூஜ்யத்தால் வகுக்கப் போய்த் தடுமாறும் அற்பப் பிழை. ஒரே வரியில் திருத்திவிடலாம்.

அந்த வரியை எழுதிக்கொண்டு மேலாளர் இபார்லுசேயாவிடம் போனாள். அவர் மாத்தே தேநீரை நிதானமாக உறிஞ்சி முடித்தார். ஒப்புதல் முத்திரை வாங்கிய மென்பொருளில் ஒரு புள்ளியை நகர்த்தினாலும் முதலிலிருந்து ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்குள் தமக்கு ஓய்வு வயதே வந்துவிடும் என்றார்.

"நல்ல குழாய்க்கும் பொடிசா ஒரு விரிசலப் போட்டு விடேன், தெல்ஃபி. குழாய் என்ன கோவிச்சுக்கவா போகுது?"

அன்றுமுதல் தெல்ஃபீனா பாரபட்சமின்றி எல்லா நல்ல குழாய்க்கும் மயிரிழை விரிசல் வழங்கினாள். மென்பொருளும் மனம் குளிர்ந்து 'ஓட்டு' என்றது. வருடந்தோறும் திருத்தச் சொல்லி மனுப் போட்டாள். வருடந்தோறும் அவளுடைய அக்கறைக்கு நன்றி வந்தது.

பிறகு சுவீடனிலிருந்து ஆய்வுக்கு லிண்ட்ரோத் என்பவர் வந்தார். தாள்களைப் புரட்டியவர், இத்தனை குழாய்களில் ஒரே அளவு விரிசல் எப்படி என்று கேட்டார். இபார்லுசேயாவுக்கு இருமல் வந்தது. முன்னெச்சரிக்கை என்று சொல்லும்படி வராந்தாவிலேயே அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தார். அவளுக்கோ அலுத்துப் போயிருந்தது.

"அது இல்லாத விரிசல் சார். பூஜ்யம் போட்டா ப்ரோக்ராம் மெரளுது. அதனால நானே போட்டது."

லிண்ட்ரோத் பேனாவைக் கீழே வைத்தார்.

"அட, நீங்களுமா? நாங்க ரெண்டு மடங்காப் போடறோம்."

அவருடைய அறிக்கை, விரிசல் இல்லாத இடத்திலும் இருப்பதாகக் கொள்ளும் உயர்ந்த பாதுகாப்புணர்வைப் பாராட்டியது. இபார்லுசேயாவுக்குக் கேடயம் கிடைத்தது. புதிதாக வருபவர்களுக்கு இந்த முறையைக் கற்றுத்தரும் பாக்கியம் தெல்ஃபீனாவுக்கு.

அவள் கடைசியாக ஒரு மனுப் போட்டாள். இந்தமுறை பதிலில் காரணமும் இருந்தது: உலகமே பாராட்டிய நடைமுறை இது, பிழையைத் திருத்தினால் பாதுகாப்பு குறைந்துவிடும்.

படித்துவிட்டுக் கணவனுக்குப் போன் செய்தாள். இன்று சமைக்க வேண்டாம், வெளியே போய் மிலனேசா சாப்பிடலாம் என்றாள். என்ன விசேஷம் என்று அவன் கேட்டான். சொல்ல ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.