காதுக்காரி தள்ளிய பக்கமும் விட்ட பக்கமும்

இசைத்தட்டு அச்சடிக்கிற அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் காதுக்காரி என்றுதான் பேர். மொத்தமாக அடிப்பதற்கு முன்னால் முதல் தட்டு அவளிடம் வரும். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டு அவள் தலையாட்டினால்தான் மெஷின் ஓடும். மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "உக்காந்து பாட்டு கேக்குறா, சம்பளம் தர்றாங்க" என்பாள் மாமியார். சொல்லிவிட்டுத் தானே நம்பாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

காதுக்காரியின் அப்பா அதே இடத்தில் மெஷின் ஓட்டினவர். ஐம்பது தாண்டியதும் அவருக்குக் காது போயிற்று. அத்தைக்கும் அப்படியே. பெரியப்பா மகன் ஒருத்தன் துணிக்கடையில் இருந்தவன், இரைச்சல் பக்கமே போகாதவன், அவனுக்கும் போயிற்று. இவளுக்கும் அந்த வயசு வந்துவிட்டது. காது போனால் வேலை போச்சு.

அப்போதுதான் அந்தத் தட்டு வந்தது. உறையில் படமில்லை, பாடினவர் பேரும் இல்லை. ஊசியை வைத்தாள். திடும் திடும் என்று மூச்சுவிடாத இடி, அதுவும் கிழிந்த ஸ்பீக்கரில் வருகிற மாதிரி. அதற்கு மேலே ஒன்று அடைத்த குழாய் போலக் கொளகொளத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கிறீச்சென்று அலறியது. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள். பக்கமே முடிந்துவிட்டது.

ஊசியை மாற்றினாள். ஹெட்போனை மாற்றினாள். அதே கொளகொளப்பு. கோளாறு தட்டிலா, காதிலா?

அங்கேயே மெஷின் ஓட்டுகிற நாத்தனாரை உள்ளே இழுத்து ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

"என்ன கேக்குது, சொல்லு."

"அண்ணி, யாரோ மிக்ஸியில ஸ்பூனைப் போட்டுட்டாங்க."

"விளையாடாத. இது பாட்டா, கோளாறா?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே காதுக்காரி!"

அவளுக்கும் இதேதான் கேட்கிறது என்பதில் பாதி நிம்மதி. ஆனால் வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நிற்கிறவள் காதை எப்படி நம்புவது? முதல் பக்கம் கோளாறு என்று தள்ளிவிட்டாள்.

இரண்டாம் பக்கத்திலும் அதே இடி. நடுவில் ஒரு 'டிக்'. தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு 'டிக்'. வேறு நாளாக இருந்தால் அச்சில் புள்ளி விழுந்திருக்கிறது என்று உடனே சொல்லியிருப்பாள். இன்றைக்கு வாய் வரவில்லை. இரண்டு பக்கத்தையும் தள்ளினால் இவளுக்கும் காது போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்களே! இந்தக் களேபரத்தில் அதுவும் பாட்டாக இருக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

சூப்பர்வைசர் தட்டுக்குச் சொந்தக்காரரை வரவழைத்தார். வந்தவர் பஸ் டிரைவர், யூனிபாரத்தோடு நின்றார்.

"நீங்களா பாடினது?" என்றாள் காதுக்காரி.

"பாடலீங்கம்மா. வீட்ல ரெண்டு பழைய மியூசிக் மெஷின் இருக்கு. ஒண்ணு தாளம் போடும், இன்னொண்ணு அழும்."

முதல் பக்கத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். கால் பிரேக்கை மிதிக்கிற மாதிரி தரையை மிதித்தது. "அப்படியே இருக்கு. கிழியணும்னுதானே கிழிச்சேன்."

சூப்பர்வைசர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "என்னக்கா இது?"

தட்டைப் புரட்டிப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டிரைவர் கண்ணைத் திறந்தார். "இந்த டிக் என்னது இல்லையே."

"அச்சுல புள்ளி! ஒரு சுத்துக்கு ஒண்ணு! எனக்குக் கேட்டுச்சு, அப்பவே கேட்டுச்சு!" என்று குதித்தாள் காதுக்காரி. கோளாறைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டவளை அந்தத் தொழிற்சாலை கண்டதில்லை.

"கேட்டுமா விட்டீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

அதற்குள் டிரைவர் கையைக் காட்டி அடக்கினார். "இருங்க. அந்த டிக் தாளத்தை விட்டு விலகுது, சுத்திட்டு மறுபடி வந்து ஒட்டிக்குது. நான் போட்டிருந்தாக்கூட இப்படி வராது. அப்படியே அடிங்க."

"அப்போ இதுல பாட்டு எது, கோளாறு எது?" என்றார் சூப்பர்வைசர். டிரைவருக்கு வண்டி எடுக்க நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

காது பிழைத்தது, வேலையும் பிழைத்தது. ஆனால் அடுத்து வந்த தட்டில் ஒரு பெண் குரல், தேனாக ஓடியது. பாதியிலேயே காதுக்காரி ஹெட்போனைக் கழற்றினாள்.

"இங்க வா, சீக்கிரம்," என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். "இதுல எதுவுமே கிழியலையே. சரியாத்தான் இருக்கா, பாரு."