ஜோடி மேடம்

பஸ்ஸை விட்டு இறங்கிய ஆள் கடைத்தெருப் பக்கம் திரும்பியதும் மேடமும் கூடவே நடக்கத் தொடங்கினார். முந்தவில்லை, பிந்தவில்லை. தோளுக்குத் தோள், ஒரே ஊர்க்காரர்கள் போல. கொஞ்ச தூரம் போனதும் வேண்டுமென்றே ஓர் எட்டைக் குறுக்கி வைத்தார். அவன் இடது காலை வைக்கும்போது இப்போது இவருக்கு வலது கால். ஆள் கால் மாறியதைக் கவனிக்காமல் செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டே கோணல்மாணலாக நடந்துபோனான். மேடம் சலித்துப்போய் நின்றுவிட்டார்.

"இவன் இல்லண்ணே" என்று ஜீப்பில் ஏறினார்.

"ஆனா திரும்பித் திரும்பிப் பாக்கிறான் மேடம்" என்றார் டிரைவர். "உங்களுக்கு அவன்மேல ஆசைன்னு நினைச்சிருப்பான்."

"நினைச்சுக்கட்டும். வீட்ல போய்ச் சொல்லி அடி வாங்கட்டும்."

மேடம் சப் இன்ஸ்பெக்டர். ராணுவத்திலிருந்து சொல்லாமல் ஓடிவந்து, வந்த இடத்தில் திருட்டு, வழிப்பறி என்று இறங்குகிறவர்களைப் பிடிப்பது அவர் வேலை. ஓடியவன் ராணுவத்துக்குச் சொந்தம், திருடியவன் போலீசுக்குச் சொந்தம். ஓடிவந்து திருடியவன் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு அலுவலகங்களும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். அதற்குள் அவன் இன்னும் இரண்டு வீட்டுப் பூட்டை உடைத்திருப்பான். அதனால் மேடம் கடிதத்துக்குக் காத்திருப்பதில்லை. கூட நடப்பார்.

சூத்திரம் எளிது. அணிவகுத்து நடந்து பழகிய கால், பக்கத்தில் ஒரு கால் மாறி விழுந்தால் பொறுக்காது. தன்னையறியாமல் ஒரு சின்னத் துள்ளல் போட்டுச் சேர்ந்துகொள்ளும். முடியை வளர்க்கலாம், தாடி வைக்கலாம், பேரை மாற்றலாம். கால் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிக் கண்ட ஆண்களோடெல்லாம் சேர்ந்து நடப்பதால் ஸ்டேஷனில் அவருக்கு 'ஜோடி மேடம்' என்று பெயர். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

சூத்திரம் சில நேரம் காலை வாருவதும் உண்டு. ஒருமுறை சிக்கியவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். இன்னொரு முறை ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர். அவர் கோபப்படவில்லை, டீக்கடையில் உட்காரவைத்துத் தன் வீரப்பிரதாபங்களைச் சொல்லத் தொடங்கினார். எழுந்திருக்க வழியில்லாமல் மேடம் மூன்று டீ குடித்தார்.

வேலைக்கு அவர் காக்கி போடுவதில்லை. சாதாரணப் புடவை, தோளில் துணிப்பை. பைக்குள் விலங்கு, அதன்மேல் ஒரு கட்டுக் கீரை. பார்க்கிறவர்களுக்குச் சந்தையிலிருந்து வீடு திரும்பும் பெண். சாயங்காலம் அந்தக் கீரைதான் வீட்டில் சமையல். "கீரையில இரும்பு இருக்குன்னு டாக்டர் சொல்றது உன் வீட்டுக் கீரையைத்தான்" என்பார் அம்மா.

ஆளைப் பிடிக்கும் விதமும் தனி. சட்டையைக் கொத்தாகப் பிடிப்பது, கையை முறுக்குவது எதுவும் கிடையாது. மணிக்கட்டைப் பற்றுவார். கட்டைவிரல் நாடித்துடிப்பின்மேல் உட்காரும். "வா, போலாம்" என்பார். மலை மாதிரி ஆட்கள்கூட வந்துவிடுகிறார்கள்.

"என்ன மேடம், சின்னப் புள்ளைய ஸ்கூலுக்கு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்று டிரைவர் ஒருநாள் சிரித்தார்.

"அப்படிப் பழகினதுதாண்ணே. என் தம்பி ரோட்டைப் பாத்தா ஓடுவான். கையைப் பிடிச்சா உதறிடுவான். மணிக்கட்டைப் பிடிச்சாத்தான் நிப்பான்."

அப்பா போன பிறகு அந்தத் தம்பியைப் பள்ளிக்கு அழைத்துப்போனது, பரீட்சைக்கு எழுப்பியது, ராணுவத்தில் சேர வழியனுப்பியது எல்லாம் மேடம்தான். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவன். மற்றபடி பால்காரர் சிரித்தால் பாலைப் பார்ப்பார். சிரிக்காவிட்டாலும் பாலைப் பார்ப்பார். "என்னையும் எங்கிருந்தோ தப்பிச்சு வந்தவள்னுதான் நினைக்கிறா" என்று அம்மா பக்கத்து வீட்டில் குறைப்பட்டுக்கொள்வதுண்டு.

போன லீவில் தம்பி வந்திருந்தபோது, பெருமை தாங்காமல் கடைத்தெருவில் வைத்தே அவனுக்குச் சூத்திரத்தைக் காட்டிக்கொடுத்தார். அவர் கால் மாற்ற மாற்ற அவனும் துள்ளித் துள்ளிச் சேர்ந்துகொண்டான். "அய்யோ அக்கா, என் காலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது!" என்று நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டிரைவருக்கு அடுத்து அந்த ரகசியம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

சென்ற மாதம் பெட்ரோல் பங்க் ஒன்றில் மூன்று பேர் கைவரிசை காட்டினார்கள். தடுத்த வாட்ச்மேனை இரும்புக் கம்பியால் அடித்ததில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது. இரண்டு பேரை மேடம் ஒரே வாரத்தில் பிடித்தார். இருவரும் ஓடிவந்த சிப்பாய்கள். மூன்றாமவன் யாரென்று கேட்டால் வாயில் பூட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாட்ச்மேனின் மனைவி மேடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான்: "மூணாவது ஆளு கெடைச்சானாம்மா?"

பங்க் கேமராவில் மூவரின் முகமும் தெரியவில்லை, முதுகுதான். முன்னால் போகும் இருவரின் கால்களும் ஒன்றாக விழுகின்றன. மூன்றாமவனுடையது சேரவில்லை. சேரப் போகும் நேரத்திலெல்லாம் ஒரு எட்டைத் தட்டிவிட்டு விலகிக்கொள்கிறது.

"யாரோ நொண்டி மேடம்" என்றார் டிரைவர்.

மேடம் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். அது நொண்டி இல்லை, ஜாக்கிரதை. இந்த ஜாக்கிரதையை யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும் என்று யோசித்தபோது திரையை அணைக்கச் சொன்னார்.

ஏனென்றால் தம்பி அப்போது வீட்டில்தான் இருந்தான். இந்த முறை ஒரு மாத லீவு என்று வந்தவன், நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள் என்றான். இரண்டாவது முறையும் அதையே சொன்னான். செல்போனை அணைத்தே வைத்திருந்தான். அழைப்பு மணி அடித்தால் முதலில் ஜன்னலைப் பார்த்தான். பிள்ளை கூட இருக்கிற சந்தோஷத்தில் அம்மா எதையும் கேட்கவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் தோண்டித் துருவும் மேடம், அவனுடைய படைப்பிரிவின் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தார். மறுநாளும் அப்படியே செய்தார். கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்று அவருக்குப் பயமாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் மேடம் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய கையோடு, வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று அம்மா இருவரையும் கடைக்கு அனுப்பினார். துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட நேரமில்லை. தெருவில் இறங்கியதும் மேடத்தின் கால் பழக்கத்தில் தம்பியின் காலோடு சேர்ந்தது. அவன் ஒரு எட்டைத் தட்டினான். இவர் சேர்ந்தார், அவன் விலகினான். மறுபடி சேர்ந்தார்; மறுபடி விலகினான்.

"என்னக்கா, நடையை மாத்தி மாத்தி வைக்கிறே?"

"செருப்பு கடிக்குது."

வெங்காயக் கடை வந்தது. இருவரும் அதைத் தாண்டிப் போனார்கள். ஏன் நிற்கவில்லை என்று அவனும் கேட்கவில்லை.

"போன தடவை வந்தப்ப உன் காலு உன் பேச்சைக் கேக்கலை" என்றார் மேடம். "இப்ப நல்லாக் கேக்குது."

அவன் முகம் வெளிறியது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்த வாட்ச்மேனுக்கு எப்படி இருக்கு?"

வாட்ச்மேனைப் பற்றி வீட்டில் மேடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒரு கண்ணு போச்சு."

"நான் அடிக்கலக்கா. சத்தியமா அடிக்கல. வெளியிலதான் நின்னேன்."

"தெரியும்."

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்க்கா. இன்னிக்கே கிளம்பிடறேன். உன் கண்ணுல படமாட்டேன்."

மேடத்துக்கு இருபது வருடம் சோறு ஊட்டிய கை இது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஓடு என்று சொல்ல வேண்டும்போலும் இருந்தது. தெருமுனை வந்தது. இடதுபக்கம் திரும்பினால் பஸ் நிலையம். எதிரே, சாலையைத் தாண்டினால் ஸ்டேஷன்.

அவர் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு சைக்கிள்கூட வரவில்லை. கையை நீட்டித் தம்பியின் மணிக்கட்டைப் பற்றினார்.

"வா, போலாம்."