மூத்தவர் வயசுக்குத்தான் பிரீமியம்

மருத்துவக் காப்பீடு விற்கிற தொழில்ல ரொம்பக் கஷ்டமான வேலை, அறுபது தாண்டினவங்ககிட்ட வயசு கேட்கிறதுதான். பிரீமியத் தொகையைப் பார்த்துட்டுப் பேப்பரை மடிச்சு வச்ச அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதை வீடு வீடாப் போய் விளக்கித் திட்டு வாங்கறவளோட கதையையும் கொஞ்சம் கேளுங்க.

இருபது சதவீதம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில சூசைராஜ் சார் வீடு. பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவர், வயசு அறுபத்தேழு. மனைவி ரோசலின் அம்மா. பிள்ளைகள் இல்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாலிசி வேணும்னு கூப்பிட்டார். என்னை மேடம்னு சொல்லாம, பிரெஞ்சுல மரியாதையா 'மதாம்'னுதான் கூப்பிடுவார். ஆனா கத்தரிக்காய்க்காரியே கும்பிடு போட்டு ஓடுற அளவுக்குப் பேரம் பேசுவார்.

நான் ஒவ்வொண்ணாச் சொன்னேன். சேர்ந்து எடுத்தா, ரெண்டு பேர்ல மூத்தவர் வயசுக்குத்தான் பிரீமியம். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கெல்லாம் சில வருஷம் காத்திருக்கணும். ஆஸ்பத்திரி பில்லுல இருபது சதவீதம் நாமதான் போடணும். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னைப் பார்த்தார். "பிரீமியமும் நான் கட்டணும், பில்லுலயும் நான் கட்டணும், அப்ப உங்க கம்பெனி என்னதான் மதாம் கட்டும்?"

ஜெபப் புத்தகம்

சார் தன்னோட ஆதார் கார்டை அப்பவே கொடுத்துட்டார். அம்மா மட்டும் "தேடி வைக்கிறேன்"னாங்க. ரெண்டு நாள் கழிச்சு போன். "அவர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கார், சீக்கிரம் வாம்மா." ஓடினேன். ஜெபப் புத்தகத்துக்குள்ளயிருந்து கார்டை எடுத்து, கவுத்தாப்புல என் கையில வச்சாங்க.

திருப்பிப் பார்த்தா, எழுபது! சாரைவிட மூணு வயசு மூத்தவங்க. மாப்பிள்ளையைவிட மூத்த பொண்ணை மாமியார் ஏத்துக்க மாட்டாங்கன்னு பயந்து, ரெண்டு வயசு இளையவள்னு இவங்க அப்பா சொல்லிட்டாராம். நாப்பத்திரண்டு வருஷமா அந்தப் பொய்யை இவங்க காப்பாத்திட்டு வர்றாங்க. ஓட்டுச்சாவடியிலகூடக் கார்டைப் பொத்திப் பொத்தித்தான் நீட்டுவாங்களாம்.

அறுபத்தஞ்சுன்னு போட்டுக்கச் சொன்னாங்க. "ஐயோ அம்மா, நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது, வயசு பொய்னு பணத்தைக் கொடுக்காமப் போயிடுவாங்க"ன்னேன். அவங்க கண்ணு நிறைஞ்சுடுச்சு. "பணம் போனாப் போவுதும்மா. இவ்ளோ நாளா ஏமாத்திட்டியேன்னு அவர் ஒரு பார்வை பார்த்துட்டார்னா, நான் எங்க போவேன்?"

ஆளுக்கொரு பாலிசி

வழி ஒண்ணு இருந்தது. தனித்தனியா எடுத்தா அவங்கவங்க வயசு அவங்கவங்க பேப்பர்ல மட்டும் இருக்கும். ஆனா செலவு கூடும். இந்த மனுஷனை எப்படிச் சம்மதிக்க வைக்கிறது? சார் எதிர்ல போய் உட்கார்ந்து, "ஆளுக்கு முழுத் தொகை கிடைக்கும் சார், ஆனா மொத்தத்துல விலை ஜாஸ்தி"ன்னேன்.

அம்மா சமையல்கட்டு வாசல்ல நின்னு ஒரே டம்ளரைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. சார் ஒரு பைசா குறைக்கச் சொல்லலை. ஏன்னுகூடக் கேட்கலை. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. "தனித்தனியாவே போட்டுடுங்க மதாம். அவ பேப்பரை அவ கையிலயே கொடுத்துடுங்க."

பரிசோதனைக் கூடம்

பாலிசி போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை. நான்தான் கூட்டிட்டுப் போனேன். எல்லாத்தையும் யோசிச்ச நான் அந்தக் கவுன்ட்டர் பொண்ணை யோசிக்கலை. ஃபாரத்தைப் பார்த்துக் கூடமே கேட்கிற மாதிரி, "ரோசலின், எழுபது வயசு, உள்ள வாங்க!"ன்னு கூப்பிட்டுட்டா.

அம்மா முகம் வெளுத்துப்போச்சு. அதே நேரம் சாருக்கு ஒரு இருமல் வந்தது பாருங்க! குனிஞ்சு, முதுகு குலுங்க, கண்ணுல தண்ணி வர அப்படி ஒரு இருமல். அம்மா பதறிப்போய்த் தண்ணி கொடுத்தாங்க. "என்னமோ சொல்லிக் கூப்பிட்டாங்களே, எனக்கு ஒண்ணும் காதுல விழலை. உன்னைத்தானா? போ, போ"ன்னார். அம்மா பெருமூச்சு விட்டுட்டு உள்ள போனாங்க.

கதவு மூடினதும் இருமலும் நின்னுடுச்சு. நான் வாயைப் பிளந்துட்டு அவரைப் பார்த்தேன். மெதுவாச் சொன்னார். கல்யாணப் பூசை முடிஞ்சு மாதா கோயில் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடும்போதே, ரெண்டு பேரோட பிறந்த தேதியையும் படிச்சுட்டாராம். அழுதுக்கிட்டு இருந்த அம்மா அதைக் கவனிக்கலையாம். "இதை அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார்?"ன்னேன்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா, எங்கம்மா பேச்சைக் கேட்டு நான் அவளை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயந்திருப்பா. இப்ப சொன்னா, இத்தனை வருஷம் பயந்ததெல்லாம் வீணாப்போச்சேன்னு அழுவா மதாம்."

எத்தனையோ கம்பெனியோட பிரீமியப் பட்டியல் எனக்குத் தலைகீழாத் தெரியும், ஆனா பொண்டாட்டி வயசு தெரியாத மாதிரி நாப்பத்திரண்டு வருஷம் இருமுறதுக்கு என்ன பிரீமியம்னு மட்டும் எதுலயும் போடலைங்க.