ஆறாம் வகுப்பில் ஓர் இடம்

சகாயமேரிக்கு ஒரு கெட்ட பழக்கம். நல்லது ஏதும் நடந்துவிட்டால் வாயில் நிற்காது. மகள் ஜெனிட்டாவுக்கு பி.காம். இடம் கிடைத்த செய்தி பழங்காநத்தத்தில் அவள் குடியிருக்கும் சந்து முழுக்கப் பரவிவிட்டது. கூடவே இன்னொன்றையும் சொல்லி வைத்திருந்தாள். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குக் காலேஜ் முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் அரசாங்கம் கொடுக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் மகளிர் குழுவில் கடன் வாங்கி ஃபீஸ் கட்டினாள். புருஷன் மரியராஜ் போய்ச் சேர்ந்தபின், மெட்ரிக் பள்ளியில் பார்க்கும் ஆயா வேலைச் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்குமே இழுத்துக்கோ பறித்துக்கோ என்றிருந்தது. கடன் தவணைக்கு அந்த ஆயிரத்தைத்தான் நம்பியிருந்தாள்.

தோழிகளுக்கெல்லாம் பணம் ஏறியது. ஜெனிட்டாவுக்கு ஏறவில்லை. தாயும் மகளும் காலேஜ் ஆபீசுக்குப் போய் நின்றார்கள். கிளார்க் பீமாராவ் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, ஆறாப்பு எங்க படிச்சா?"

"நான் வேலை பாக்குற ஸ்கூல்லதான் சார். ஒரே வருசம். பெறகு கார்ப்பரேசன் ஸ்கூலு."

"அங்கதாம்மா இடிக்குது. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சிருக்கணும். ஒரு வருசம் பிரைவேட்டுன்னாலும் தள்ளிரும்."

"சும்மாதான சார் படிச்சா? ஒத்தப் பைசா கட்டலையே!"

"கட்டுனியா கட்டலையான்னு கம்ப்யூட்டர் கேக்காதும்மா."

அடப் பாவமே! சகாயமேரி தன் ஆயுசில் பெருமைப்பட்ட வருஷமே அது ஒன்றுதான். ஆயாக்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் இடம் கொடுப்பது வழக்கம். கடனுக்கு ஷூ வாங்கி, டை கட்டி அனுப்பினாள். ஒருநாள் வகுப்பில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். மண்ணும் வாளியுமாக இவள் ஓடினாள். அம்மா குனிவதைப் பார்த்த ஜெனிட்டா எழுந்து வந்து வாளியைப் பிடித்தாள்.

"நீ உக்காரு தாயி. நீ படிக்கிற புள்ள," என்றாள் சகாயமேரி. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு 'ஆயா மக' என்றே பெயராகிவிட்டது. வருஷம் முடிந்ததும் அழுது அடம்பிடித்து கார்ப்பரேசன் பள்ளிக்குப் போய்விட்டாள்.

காலேஜிலிருந்து சகாயமேரி நேராகத் தன் பள்ளித் தலைமை சிஸ்டரிடம் ஓடினாள்.

"எம்மக இங்க படிக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்துருங்க சிஸ்டர். ஒங்க காலுல விழுறேன்."

"பொய் எப்படிம்மா எழுதுறது? நல்லது நெனச்சுத்தான சேர்த்தோம்?"

நல்லதுதான், யார் இல்லை என்றது? அந்த நல்லதுதான் இப்போது குரல்வளையைப் பிடிக்கிறது.

தவணை தவறியதும் குழுப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். "நாங்களும் அன்னாடங்காச்சிதான மேரி, எம்புட்டு நாளைக்கு ஒனக்கும் சேத்துக் கட்டுறது?" என்று ஒச்சாயி அழாக்குறையாகக் கேட்டாள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? வீட்டுக்குள்ளிருந்து ஜெனிட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவள் காலேஜுக்குக் கிளம்பவில்லை. சகாயமேரி கத்தினாள், கெஞ்சினாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடும்மா. கடன அடைச்சுட்டு அடுத்த வருசம் போறேன்."

அந்த அடுத்த வருஷம் வராது என்று இருவருக்குமே தெரியும்.

சிஸ்டர் மனமிரங்கி ஜெனிட்டாவுக்கும் ஆயா வேலை போட்டுக் கொடுத்தார். "நம்ம ஸ்கூல்ல படிச்ச பொண்ணாச்சே," என்று வேறு சொன்னார்.

சேர்ந்த வாரமே ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. ஜெனிட்டா மண்ணும் வாளியுமாகப் போனாள். சகாயமேரி பின்னாலேயே ஓடிவந்து வாளியைப் பிடுங்கினாள்.

"நீ உக்காரு தாயி, நான் பாத்துக்கிறேன்." தன்னை அறியாமல் வந்துவிட்டது.

ஜெனிட்டா வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எல்லா பெஞ்சிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"எங்கம்மா உக்கார?" என்று கேட்டுவிட்டு, குனிந்து மண்ணை அள்ளிப் போட்டாள்.