ஒதிய மரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை

பாக்கியவதி அக்காவும் நானும் ஒரே அடுப்பில் நிற்பவர்கள். ஏரலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவுச் சமையல்காரி, நான் உதவியாள். பதினோரு வருஷமாக அவள் அரிசி அளந்து போடுகிறாள், நான் களைகிறேன். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. அவளுக்கு வரும். ஆனாலும் மரம் வெட்ட ஆள் தேடி அவள் அலைந்த நாலு மாதமும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனாள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்ட்டி சுகிர்தா. பக்கத்துல ஒரு ஆளா நில்லு, போதும்" என்பாள். நின்றேன்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கல்யாணமாகி விக்கிரமசிங்கபுரத்துக்குப் போனவள். கணவர் வேதநாயகம் அங்கே நூல் மில்லில் இருந்தார். மில் சங்கை வைத்துச் சோறு வடித்து, சங்கை வைத்துப் பிள்ளையைத் தூங்கப்போட்டு இருபது வருஷம் ஓட்டினாள். அவர் ஓய்வு வாங்கியதும் மாமனார் விட்டுப்போன இந்த மனைக்கு வந்தார்கள். வந்த மூன்றாம் வருஷம் அவருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போயிற்று. மகன் மெர்வின் திருப்பூரில் இருக்கிறான். 'ரெண்டு பேரும் இங்க வந்துருங்க' என்று போனில் சொல்வான். ஒற்றை அறையில் அவன், அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். அக்கா 'பாப்போம்' என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இங்கே வீடும் அப்படி ஒன்றும் பெரிசில்லை. ஓடு போட்ட ஒரு அறை, ஒரு அடுக்களை. புறவாசலில் இரண்டு பெரிய மரங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு ஒதிய மரம். அதற்கு அப்பால் பத்து எட்டு வைக்கும் தூரத்தில், வேலி ஓரத்தில் ஒரு வேம்பு. காலை ஒன்பது மணிக்கு அக்காவும் நானும் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு வேம்புக்குக் கீழே கொண்டு போடுவோம். நாலு மணி வரை அங்கேதான். கஞ்சியும் மாத்திரையும் அங்கேதான். மழை நாள் தவிர அவர் பகலில் உள்ளே கிடந்ததில்லை.

வேம்பு நல்ல மரம். ஒதி அப்படியில்லை. பலகைக்கு ஆகாது, விறகுக்கு வைத்தால் புகையும். காற்றடித்தால் கொப்பு கொப்பாக ஒடியும். போன மார்கழியில் ஆறு பெருகி வந்த வெள்ளத்தில் புறவாசலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் ஒதியின் வேரிலிருந்து மண் போயிருந்தது. மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மேலே பார்த்தால் கூரையே தெரியாது, அத்தனையும் அதன் கொப்புதான்.

சித்திரையில் ஒரு சுழற்காற்றில் தொடை கனமுள்ள கொப்பு ஒன்று அடுக்களை மேல் விழுந்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு நிலைகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். வெளியே காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். நாமென்றால் சத்தம் கேட்டு எழுந்து ஓடிவிடலாம். அவரால் புரண்டு படுக்கவும் முடியாது; வேம்படியில் கிடந்தாலும் ஒதியின் கொப்பு எட்டிவிடும் தூரம்தான்.

"ஐப்பசி மழைக்குள்ள இதை எறக்கிரணும்ட்டி" என்றாள். ஆனி மாதம் தேட ஆரம்பித்தோம்.

முதலில் பனையேறும் ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் மரத்தைச் சுற்றிவந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யக்கா, பனைக்கு ஒரே தடி. மேல பாத்து ஏறுவேன், கீழ பாத்து எறங்குவேன். இது பத்துக் கையை விரிச்சுக்கிட்டு நிக்கி. எந்தக் கை ஒடியும்னு எவனுக்குத் தெரியும்? எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு."

மின்சார ஆபீசில், கொப்பு வயரைத் தொட்டால் வெட்டுவோம் என்றார்கள். வீட்டைத்தானே தொடுகிறது, அதற்கு நாங்கள் இல்லை என்றார்கள். பஞ்சாயத்தில் பட்டா மனையில் நிற்கிற மரம் உங்கள் மரம் என்றார்கள். தீயணைப்பு நிலையத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "விழுந்த உடனே போன் பண்ணுங்கம்மா. பத்தே நிமிசத்துல வந்துருவோம்" என்றார்.

"விழுந்த பெறவு நான் எங்க சார் போன் பண்ண?" என்றாள் அக்கா. அவர் பாவம், நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் மரத்துக்காகவும் ஒரு ஜெபம் வைத்தார்.

மர வியாபாரிகளும் வராமல் இல்லை. ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் புறவாசலுக்கு வந்ததும் ஒதியைப் பார்க்காமல் வேம்பைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள், கையால் தட்டினார்கள், கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தார்கள். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கமாம். விலை போகிற மரம் ஒன்று இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, கூலி கேட்காமல் ஆகாத மரத்தையும் தள்ளிக் கொடுப்பார்கள். ஆகாத மரத்துக்கென்று தனியாக யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் அவர்கள் சொல்கிற கூலிக்கு வீட்டைத்தான் விற்க வேண்டும்.

"வேம்பு இவியளுக்குள்ளது. அதுல கை வைக்கதுக்கில்ல" என்று கட்டிலில் கிடந்தவரைக் காட்டிச் சொல்லி, ஆறு பேரையும் அனுப்பிவிட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் காற்று வந்தது. காலையில் தூறல் போட்டதால் அன்று அவர் உள்ளே இருந்தார். அக்கா ஓடினாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு நானும் பின்னால் போனேன். கூரை முகட்டில் ஒரு கொப்பு கிடந்தது. ஓட்டுத் துண்டுகள் அவர் போர்வை மேல் சிதறிக் கிடந்தன. அவர் இடது கையால் முகத்தை மூடியிருந்தார். நாங்கள் வந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை. அக்கா ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி முந்தியில் போட்டாள். போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"வேம்பைக் குடுத்துருவோம்ட்டி."

மறுநாள் ஏரலில் பாபநாசம் அண்ணாச்சியின் மரக்கடைக்குப் போனோம். ஆறு பேரில் அவரும் ஒருவர். வேம்பு அவருக்கு, ஒதியைச் சேர்த்துத் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. "சனிக்கிழமை ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சிருவோம்மா" என்றார். எது முதலில், எது பிறகு என்று அக்கா கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அவரைக் கட்டிலோடு தூக்கி வந்து, பக்கத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் போட்டோம். அண்ணாச்சி லாரியோடு வந்தார். வெட்டுகிற ஆட்களுக்குத் தலைவர் பூதலிங்கம் என்பவர். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். அவர் ஒதியிடம்தான் முதலில் போனார். அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. லாரி வாடகை ஓடிக்கிட்டு இருக்கு. வேம்பை மொதல்ல போடு."

எனக்கு அப்போதே மனதில் பட்டது. ஒதியை முதலில் தள்ளச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. அக்கா அடுக்களையில் அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மிஷின் ரம்பம் கத்த ஆரம்பித்துவிட்டது.

மத்தியானத்துக்குள் வேம்பு படுத்துவிட்டது. கொப்புகளைக் கழித்து, தடியை மூன்றாக அறுத்து, வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். சாப்பிட்ட பிறகு பூதலிங்கம் ஒதியிடம் போய்க் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டினார். இரண்டு இடத்தில் கொட்டு மாதிரிச் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, உள்ள பொக்கு. உச்சிக்கு ஏறிக் கழிக்க முடியாது. கயித்தைக் கட்டி அந்தப் பக்கமா இழுத்துத்தான் சாய்க்கணும்."

"இழுத்துச் சாயி. அதுக்குத்தானல உன்னயக் கூட்டியாந்தது."

"எதுல கட்டி இழுக்க? வேம்புல கட்டிருக்கலாம்."

எல்லோரும் வேம்பு நின்ற இடத்தைப் பார்த்தார்கள். குழிதான் இருந்தது.

"கூறுகெட்ட மூதி! இதைக் காலையில சொல்லதுக்கென்ன?"

"நான் அந்தப் பக்கந்தான போனேன். நீங்கதான இங்கன வான்னிய."

அண்ணாச்சி அக்காவிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "எம்மா, ஒண்ணும் நெனைக்காதீங்க. இன்னைக்குத் தடியை ஏத்திட்டுப் போறேன். திங்கக்கிழமை கிரேனோட வாரேன்."

அக்கா நடந்துபோய், கிடந்த மூன்று தடிகளில் பெரிய தடிமேல் உட்கார்ந்தாள்.

"என்னம்மா செய்யுதீங்க?"

"உக்காந்திருக்கேன் அண்ணாச்சி. காலு கடுக்கு."

"லாரி நிக்கில்லா?"

"நிக்கட்டும்."

"என் பேச்சுல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல நம்பிக்கை இருக்கு. மழை மேலதான் இல்ல."

அவள் சத்தம் போடவில்லை. சண்டை போடவும் அவளிடம் தெம்பில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் நாலு மணிக்கு எழுந்தவள். அண்ணாச்சி கெஞ்சினார், அதட்டினார், யாருக்கோ போன் போட்டார். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்த் தடியின் மறு கோடியில் உட்கார்ந்தேன். பட்டை இன்னும் ஈரமாக இருந்தது.

பூதலிங்கம் ஒரு பீடியை முழுக்க இழுத்து முடித்தார். பிறகு வேலிக்கு அப்பால் இருந்த வாழைத் தோட்டத்தைப் பார்த்தார். வெள்ளத்துக்குப் பிறகு அதில் யாரும் கன்று வைக்கவில்லை, வெறும் தரை.

"அண்ணாச்சி, லாரியை அங்கன கொண்டு நிறுத்தி, அதுல கட்டி இழுப்போம். வெறும் லாரின்னா மரம் லாரியை இழுத்துரும். தடியை ஏத்திட்டா பாரம் காணும்."

"சரிதான். ஆனா தடியை எங்க ஏத்த விடுதாவ?" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். தடியை ஏற்றிவிட்டால் லாரி அப்படியே ரோட்டைப் பார்த்துப் போய்விடலாம். ஏற்றாவிட்டால் மரம் சாயாது. அவள் தலை நிமிரவில்லை. யோசிக்கவும் அலுத்துப்போனவள் மாதிரி இருந்தாள். அவள் காதுக்குத்தான் சொன்னேன், ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"யக்கா, நீ லாரியில ஏறி உக்காந்துக்கோ."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "இது பேசுமா? நாலு மாசமா கூட வருது, வாய் வராதுன்னுல்லா நெனச்சேன்!"

அக்கா எழுந்தாள். "ஏத்துங்க" என்றாள். லாரியின் முன்பக்கம் போய், கதவைத் திறந்து, இரண்டு தடவை கால் வழுக்கி, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். லாரி சுற்றி வாழைத் தோட்டத்துக்குள் போகும்போதும் இறங்கவில்லை.

பூதலிங்கம் ஏணி வைத்து தடி இரண்டாகப் பிரியும் முதல் கவை வரை மட்டும் ஏறி வடத்தைக் கட்டினார். இறங்கியபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடியில் வேலிப் பக்கமாக ஆப்பு மாதிரி அறுத்து எடுத்தார்கள். பிறகு சுவர்ப் பக்கம் அறுத்தார்கள். லாரி உறுமியது. வடம் விறைத்தது. பின் சக்கரம் மண்ணைப் பறித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. மரம் அசையவில்லை.

"விடாத! விடாத லே!" என்று பூதலிங்கம் கத்தினார்.

அப்போது உள்ளே எதுவோ முறிகிற சத்தம் கேட்டது. மரம் ஒரு கணம் நேராக நின்றது மாதிரி இருந்தது. பிறகு வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேம்புக் குழியின்மேல் விழுந்தது. ஒரு கொப்பு மட்டும் அடுக்களை மூலையில் நாலைந்து ஓடுகளையும் துணிக் கொடியையும் இழுத்துக்கொண்டு போனது. வீடு நின்றது. அதன் மேல் வெறும் வானம்.

அண்ணாச்சி லாரிக் கதவைத் திறந்தார். "எறங்கு தாயீ. கடை வரைக்கும் வந்துராத."

அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. டிரைவரும் நானும் பிடித்து இறக்கினோம். அவள் மரத்தைப் பார்க்கவில்லை; அவர் கிடந்த எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். "அவிய சாப்பிட்டாவளாட்டி?" என்று கேட்டாள்.

ஒதியை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. சும்மா தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். நாங்கள் இருவருமே பள்ளிக்கூடம் விட்டு வந்து, தினம் கொஞ்சமாக வெட்டி ஓரத்தில் போட்டோம். ஐப்பசி பிறந்து மழை வந்தது, காற்றும் வந்தது. அக்கா சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் அவர் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் கட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தபோது புறவாசலைப் பார்த்து, "எங்க?" என்று கேட்டார்.

"குடுத்தாச்சு" என்றாள்.

அதோடு சரி. அவள் கையால் கஞ்சி வாங்கவில்லை. நான் கொடுத்தால் குடித்தார். அக்கா கஞ்சியை ஆற்றி என்னிடம் தந்துவிட்டு அடுக்களைக்குள் நின்றுகொள்வாள். ஏன் என்று அவள் அவரிடம் கேட்கவும் இல்லை.

மழை விட்ட நாளில் வெயில் நேராக இறங்குகிறது. ஆனால் உள்ளே கிடக்க அவர் சம்மதிப்பதில்லை. காலையில் வீட்டின் மேற்குச் சுவரோரம் நிழல் இருக்கும். அது உருகிப் போனதும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு எட்டு ஓடிவந்து கட்டிலை உள்ளே கொண்டுபோகிறோம். சோறு போட்டு முடிந்து வந்ததும் கிழக்கே போடுகிறோம். தலைமாட்டை அக்கா பிடிப்பாள், கால்மாட்டை நான்.

நேற்று கிழக்கே கொண்டு போகும்போது வாசல்படியில் அக்காவின் பிடி நழுவியது. கட்டில் ஒரு பக்கம் சரிந்தது. அவர் இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பைய, பாக்கியம்" என்றார்.

அக்கா அப்படியே நின்றாள். பிறகு கட்டிலைச் சுவரோரம் இறக்கிவிட்டு, முந்தியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கஞ்சி எடுத்துவர உள்ளே போனாள். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை.