வலிக்கு எண் சொல்லும் ஊர்

சில நாள் காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் தலையில் பசை தடவிக்கொள்கிறேன். இதை வாசிக்கிற நம்மூர்க்காரர்கள் சிரிப்பீர்கள். எண்ணெய் வைக்காமல் தெருவில் இறங்காதவனுக்கு ஜெர்மனியில் இது வாய்த்திருக்கிறது. பசைக்கு மேல் கம்பிகள் தொங்கும் ஒரு தொப்பி. லேசர் ஒளி ஒரு கணம் தோலைச் சுடும். அந்தச் சூட்டுக்கு மூளையில் எழும் மின்சாரம் கணினித் திரையில் அலையாக ஓடும். ஒவ்வொரு சூட்டுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். வலிக்கு எண் உண்டு என்பதே இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது. ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் வாரம், கூட வேலை செய்யும் அன்னா என்னையே உட்காரவைத்துக் கையில் சுட்டாள்.

"எத்தனை?"

"பரவாயில்லை."

"பரவாயில்லை என்பது எண் இல்லை."

இரண்டு என்றேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். அலை செங்குத்தாக விழுந்து எழுந்திருந்தது. "உன் மூளை இரண்டு என்று சொல்லவில்லையே" என்றாள். நான் பொய் சொல்லவில்லை. மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டில் சுட்டால் கையை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் கேட்டதில்லை.

சில மாதம் கழித்துச் சர்க்கரை நோயாளி ஒருவர் சோதனைக்கு வந்தார். அவருடைய புறங்காலில் பத்து முறை சுட்டோம். "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டார். திரையில் அலையே இல்லை. நரம்பு செத்துவிட்டது என்றாள் அன்னா. எனக்கு அப்பாவின் நடை ஞாபகம் வந்தது. அப்பா வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். இருபது வருடமாக எங்கள் அம்மன் கோயிலில் பூக்குழி இறங்குகிறார். மற்றவர்கள் நெருப்பை ஓட்டமாகக் கடப்பார்கள். அப்பா மட்டும் வரப்பில் போவதுபோல நிதானமாகப் போவார். "ஆத்தா அவுகளத் தூக்கிக்கிட்டுப் போறா" என்று ஊரே சொல்லும். பள்ளிக்கூடத்தில் நான் அதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். அவருக்கும் எட்டு வருடமாகச் சர்க்கரை. இந்த வருடப் பூக்குழிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

போன் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பாவின் கண்ணைக் கட்டிவிட்டு, பாதத்தில் வெதுவெதுப்பான டம்ளரை ஒரு தடவையும் பச்சைத்தண்ணீர் டம்ளரை ஒரு தடவையும் வைக்கச் சொன்னேன்.

"என்னாடி, இவன் அங்கன போயி கண்ணாமூச்சி படிக்கிறானா?" என்று அப்பா சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் மாறியது. "ரெண்டும் ஒண்ணுதேங்கிறாக. மூணாவது வாட்டி நான் டம்ளரையே வைக்கலய்யா. அதுக்கும் அப்பிடியேதேன் சொல்றாக."

அப்பா போனை வாங்கினார். நெருப்பில் புண்ணானால் தெரியாது, ஆறாது, காலையே எடுக்க வேண்டிவரலாம், இறங்க வேண்டாம் என்றேன்.

"காப்புக் கட்டியாச்சேய்யா."

இறங்க வேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன்.

"படிச்சவன் நீ சொன்னாச் சரிதேன். எறங்கல."

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "மொத வருசங்கள்ல பாதம் வெந்து போகும்யா. உங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. அப்பறம் ஒரு வருசம் சுடவே இல்ல. அன்னைக்குத்தேன் ஆத்தா என்னைய ஏத்துக்கிட்டான்னு நெனச்சேன். அது இதுதானா?"

"தெரியலப்பா."

தெரியும். ஆனாலும் தெரியவில்லை. சுட்ட வருடங்களில் அவரை நடக்கவைத்தது எது? அதன் அலையை எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை. சரியானதைத்தான் சொன்னேன். அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோலவும் இருக்கிறது. படித்ததே இதற்குத்தானா, இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் படித்ததற்கு என்ன அர்த்தம் என்று டிராமில் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் யோசிக்கிறேன்.

பூக்குழி அன்று சாயங்காலம், எனக்கு இங்கே மத்தியானம், அம்மா மிஸ்டு கால் கொடுத்தாள். திருப்பிக் கூப்பிட்டேன். கொட்டுச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள். "உங்கப்பா குழியச் சுத்திக் கட்டுன கயித்துக்கு வெளிய செருப்பப் போட்டுக்கிட்டு நிக்கிறாக. எறங்குறவுகளையே பாத்துக்கிட்டு இருக்காக. கூப்பிட்டா திரும்பல."

அன்று சோதனைக்கு வர வேண்டியவர் வரவில்லை. நானே தொப்பியை மாட்டிக்கொண்டேன். காலில் சுட வேண்டிய நாள். ஷூவையும் காலுறையையும் கழற்றி, வெறுங்காலை நீட்டினேன். லேசர் சுட்டது.

"எத்தனை?" என்றாள் அன்னா.

திரையில் அலை வந்துவிட்டது. எனக்கு எண் வரவில்லை.